மதகரின் மருமகன்

ஒலிவாங்கி அப்பாவின் வாய்க்கு நேரே நீட்டியபடி இருந்தது. அப்பா வாயைத் திறக்கவில்லை.

ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம் ஒரு பூங்கா மைதானம். நல்ல கோடை வெயில். ஊர்ச் சங்கங்களின் உதைபந்தாட்டப் போட்டியில், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் இறுதியாட்டம் பாதியில் நின்றுபோயிருந்தது. கோட்டுக்கு வெளியே என் கணவர் கெவின், எங்கள் ஊரின் பச்சைச் சட்டையை வயிற்றுக்குக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். சட்டை சின்னது, ஆள் பெரிது. ஆள் வெள்ளைக்காரர் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அந்த மைதானத்தில் வெயிலுக்குச் சிவந்துபோயிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை," என்றார் பக்கத்து ஊர்ச் சங்கத்தின் செயலாளர் சிவபாலன் அங்கிள். "இந்த வெள்ளைக்காரத் தம்பி என்ன முறையில உங்கட ஊர் எண்டு தலைவர் தன்ர வாயால சொல்லட்டும். சொன்னா நாங்கள் பேசாமல் விளையாடுறம்."

தலைவர் என்றால் என் அப்பா. முறை என்னவென்று சிவபாலன் அங்கிளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா அதைச் சொல்லமாட்டார் என்பதும் தெரியும். அதனால்தான் கேட்டார்.

எந்த ஊர், என்ன முறை

ஊர்ப் பெயரை ஏன் இந்தப் பத்திரிகைத் தொடரில் எழுதுவதில்லை என்று வோபர்னிலிருந்து ஒரு அன்ரி கேட்டிருக்கிறார். எழுதினால் ஆசிரியரின் தொலைபேசி ஓயாது, அதுதான் காரணம். எங்கள் ஊர், பக்கத்து ஊர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மதகு இருந்தது. இங்கே மதகும் இல்லை. இரண்டு ஊர்ச்சனமும் ஒரே தெருவில் வீடு வாங்கி, ஒரே பிளாசாவில் மரக்கறி தெரிந்தெடுத்து, ஒரே பல் வைத்தியரிடம் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறார்கள். ஆனாலும் பக்கத்து ஊர்க்காரர் பக்கத்து ஊர்க்காரர்தான்.

போட்டியில் ஒரு விதி இருக்கிறது. ஒருவர் ஒரு ஊருக்கு விளையாட வேண்டுமென்றால் அது தகப்பனின் ஊராக இருக்கவேண்டும், அல்லது தாயின் ஊர், அல்லது கலியாணம் கட்டின இடம். முன்பொரு வருஷம் ஒரு ஊர் கல்லூரிக்குப் போய் இரண்டு பிரேசில் நாட்டு இளைஞர்களைப் பிடித்துவந்து "தாய்வழி" என்று சொல்லி இறக்கிப் பார்த்தது. அதன் பிறகு விதியில் ஒரு வால் சேர்ந்தது. ஆராவது ஆட்சேபித்தால் ஊர்த் தலைவர் சனத்துக்கு முன்னால் நின்று வாயால் உறவு சொல்லவேண்டும். கடதாசி செல்லாது. கடதாசி எப்படிச் செய்வதென்று எங்கள் சனத்துக்குத் தெரியும் அல்லவா.

மேலே பிட்டு, கீழே பந்து

எங்கள் கலியாணம் நகரசபை மண்டபத்தில் நடந்தது. அம்மா சேலை கட்டிக்கொண்டு வந்தார், கொஞ்சநேரம் அழுதார், கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்பா வரவில்லை. சங்கக் கூட்டம் என்றார். எங்கள் சங்கம் குளிர்காலத்தில் கூடுவதே இல்லை.

அதற்குப் பிறகு அப்பா என்னோடு கதைத்தார். கெவினோடு ஒரு சொல் கதைக்கவில்லை. அவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் "அந்த ஆள்". "அந்த ஆளின்ர கார் ட்ரைவ்வேயை மறிச்சு நிக்குது, எடுக்கச் சொல்லு." அந்த ஆள் பக்கத்தில்தான் நிற்பார்.

சனிக்கிழமை காலைகளில் அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவார். எங்கள் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் அப்பா பேஸ்மென்றுக்கு இறங்கிவிடுவார். கீழே பெரிய ரீவி, அதில் இங்கிலாந்து உதைபந்தாட்டம். சின்ன வயதில் ரேடியோவில் கேட்டு, பிறகு ரீவியில் பார்த்து, அந்த நாட்டு ஆட்டக்காரன் ஒருவனைக் கிட்டத்தில் நின்று காணவேண்டுமென்று ஏங்கிய மனுசன் அவர். அப்படி ஒருவர் மேலே, அவருடைய மேசையிலேயே, பிட்டும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார். மனுசன் கீழே ரீவியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

பகிடியாக எழுதுகிறேன். அந்த நேரம் அது பகிடியாக இருக்கவில்லை. கெவினுடைய தாய் தகப்பன் எப்போதோ போய்விட்டார்கள். இந்த நாட்டில் அவருக்கென்று இருந்த குடும்பம் எங்கள் குடும்பம் ஒன்றுதான். அதில் பாதி அவரைக் கண்டதும் படியிறங்கிப் போய்விடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்க முன்னர் படிக்கட்டுப் பக்கம் பார்த்து, தனக்குத் தெரிந்த நாலு சொல் தமிழில், "அங்கிள் சாப்பிட்டாரோ?" என்று கேட்பார். "அவர் பிறகு சாப்பிடுவார், நீர் சாப்பிடும்," என்பார் அம்மா.

அந்த இங்கிலாந்து ஆட்டக்காரர்

இங்கிலாந்தில் விளையாடியவர் என்றதும் வாயைப் பிளக்க வேண்டாம். அங்கே மேலே உள்ள பிரிவு ரீவியில் வரும். அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று என்று இறங்கிக்கொண்டே போனால் ஓரிடத்தில் மைதானத்துக்குள் ஆடு வந்துவிடும். அந்த இடத்துக்கு ஒரு படி மேலே கெவின் விளையாடினார்.

பல கழகங்கள். ஒன்று வாங்கும், இன்னொன்றுக்கு இரவல் கொடுக்கும், அது மூன்றாவதுக்கு இரவல் கொடுக்கும். எங்கள் பக்கத்தில் ஏணிதான் இப்படி வீடு வீடாகப் போய் வரும். பாதி வாரம் கூரை போடுகிற வேலை, மற்றப் பாதி பந்து. ஒரு பயிற்சியாளர் இடைவேளையில் தேநீர்க் கோப்பையை இவர் தலைக்குக் குறிபார்த்து எறிவாராம். கோப்பையும் கோலுக்கு வெளியேதான் போகும் என்று கெவின் சொல்வார்.

முன்கள வீரர் என்றால் கோல் அடிப்பவர் என்று நான் நினைத்திருந்தேன். அது ரீவியில் வருபவர்களுக்கு. கீழே, முன்கள வீரரின் வேலை வேறு. பின்னாலிருந்து அண்ணாந்து அடித்துவிடும் பந்தை நெஞ்சில் வாங்கிக்கொண்டு, கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் வேலை. பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரர் குதிக்காலில் உதைப்பார், விலாவில் முழங்கையால் இடிப்பார், தாயைப் பற்றி ஏதாவது சொல்வார். திரும்பக் கூடாது. மற்றவர்கள் ஓடிவந்து சேரும்வரை பந்தை விடாமல் நிற்கவேண்டும். கெவின் தன் இளமை முழுவதும் அப்படி நின்றார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதைத்தான் செய்தார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கோல் கொஞ்சம்தான். அதில் பெயர்பெற்ற கோல், இவர் மறுபக்கம் திரும்பி நடுவரோடு வாதாடிக்கொண்டு நிற்கும்போது குண்டியில் பட்டு உள்ளே போனது. அந்த ஊர்ப் பத்திரிகை அதைச் சாதுரியமான திருப்பம் என்று எழுதியதாம்.

பெனால்ரி வாழ்நாளில் ஒரே ஒரு தரம் அடித்தார். வழக்கமாக அடிப்பவருக்குக் கால் பிடித்துவிட்டது. பந்து கோலுக்கு மேலால், மதிலுக்கும் மேலால் போய், பின்னாலிருந்த தோட்டத்தில் ஒரு கிழவரின் கண்ணாடிக் கொட்டிலை உடைத்துக்கொண்டு தக்காளிக்குள் விழுந்தது. அடுத்த ஆட்டத்துக்குக் கிழவர் உடைந்த கண்ணாடித் துண்டோடு வந்து முன்வரிசையில் இருந்தாராம். அதற்குப் பிறகு ஒரு பயிற்சியாளரும் கெவினைப் பெனால்ரிக்குக் கிட்ட விடவில்லை. இதை வாசகர்கள் மறக்க வேண்டாம்.

கடைசியில் ரொறன்ரோவில் ஒரு சின்னக் கழகம் கூப்பிட்டது. இவர் வந்திறங்கிய கையோடு அந்தக் கழகம் மூடப்பட்டது. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் சாமான் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டப் போனார். அங்கே எந்த லொறி எப்போது வரும், எந்தக் கதவில் நிற்கும் என்று பார்ப்பது என் வேலை. தக்காளிக் கதையை அவர் அங்கேதான், ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் எனக்குச் சொன்னார். நான் சிரித்த சிரிப்பில் சோறு புரைக்கேறியது. அதிலிருந்து ஆறு மாதத்தில் நகரசபை மண்டபம்.

மதகர்

அப்பாவும் ஒரு காலத்தில் ஆட்டக்காரர். எங்கள் ஊருக்குக் கோல் காப்பவர். பக்கத்து ஊரோடு ஒரு இறுதியாட்டம், முடிய ஒரு நிமிஷம் இருக்கும். ஒரு பந்து மெல்ல உருண்டு வந்தது. கோழிக்குஞ்சு படுத்திருந்தாலும் மறித்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். அப்பா குனிந்தார். பந்து இரண்டு காலுக்கும் நடுவால் போய்விட்டது. மதகுக்குக் கீழால் தண்ணி போன மாதிரிப் போச்சுது என்று எதிர்ப்பக்கத்தில் ஒரு பொடியன் கத்தினான். அன்றைக்கே அப்பாவுக்கு மதகர் என்று பெயர் வந்துவிட்டது. அந்தப் பொடியன்தான் சிவபாலன் அங்கிள்.

அப்பா கொழும்பில் உத்தியோகம் பார்த்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து, செக்கியூரிட்டி உடுப்புப் போட்டு எங்களைப் படிப்பித்தார். பெயரும் அவரோடு விமானம் ஏறி வந்தது. சாமத்தியச் சடங்கு வீடுகளில் முன்பின் தெரியாத அன்ரிமார் என் தாடையைப் பிடித்து, "நீ மதகரின்ர மூத்தவளே?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல்லை ஒருவரும் சொல்வதில்லை. முகத்துக்கு நேரே சொல்பவர் சிவபாலன் அங்கிள் மட்டும்தான்.

கட்டின இடம்

அந்தக் கோடை எங்கள் ரீமுக்கு ஆள் காணாது. ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, ஒருவருக்கு மனைவி விடமாட்டார். ரீமைப் பார்க்கும் ராசன் அண்ணை என்னைப் பிளாசாவில் மறித்தார்.

"தங்கச்சி, உம்மட மனுசன் இங்கிலாந்தில விளையாடினவராம். மெய்யே?"

"ஓம் அண்ணை. ஆனால் அவர்..."

"ஆனால் ஒண்டும் வேண்டாம். கட்டின இடம். சட்டம் இடம் தருது."

"அப்பா என்ன சொல்லுவார்?"

"அவர் ஒண்டும் சொல்லாமல் இருந்தால் காணும். ஆரும் கேக்காட்டிப் பிரச்சினை இல்லைத்தானே."

போட்டியன்று காலையிலிருந்து ஆரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, கெவின் மாற்று ஆட்டக்காரருக்கான வாங்கில் இருந்தார். அது அவருக்கு நல்லாய்ப் பழகின இடம். அப்பா மைதானத்தின் மற்ற மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இறுதியாட்டத்தில் பக்கத்து ஊர் ஒரு கோல் போட்டது. நேரம் போய்க்கொண்டு இருந்தது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகப் புல்லில் குந்திக் காலைப் பிடித்தார்கள். ராசன் அண்ணை கெவினை எழுப்பினார்.

அறிவிப்பாளர் சும்மா விட்டிருக்கலாம். அவருக்கோ கையில் ஒலிவாங்கி. "இப்பொழுது களமிறங்குபவர், இங்கிலாந்து நாட்டின் முன்னாள் நட்சத்திர வீரர்," என்று முழங்கினார். சிவபாலன் அங்கிள் கையைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்.

வாய் திறந்த இடம்

ஆகவே, ஒலிவாங்கி அப்பாவின் வாய்க்கு நேரே இருந்தது. இரண்டு ஊரும் பார்த்துக்கொண்டு நின்றன. நான் கிட்டப்போய் நின்றேன். சொல்லாமல் விட்டால் இனி ஒரு நாளும் அவர் வீட்டுப்படி மிதிப்பதில்லை என்று மனதுக்குள் முடிவெடுத்துக்கொண்டுதான் நின்றேன். ஒரே ஒரு சொல், அதுவும் உண்மையான சொல். அதைச் சொல்ல என்ன கேடு.

"சொல்ல ஏலாதெண்டால் விடுங்கோ மதகர்," என்றார் சிவபாலன் அங்கிள். "அண்டைக்குப் பந்தை விட்ட மாதிரி இதையும் விடுங்கோ."

பக்கத்து ஊர்ப்பக்கம் சிரிப்பு.

கெவினுக்குத் தமிழ் முழுக்க விளங்காது. ஆனால் ஒரு கிழவரை நடுவில் நிறுத்திச் சிரிக்கிறார்கள், அது தன்னால்தான் என்பது விளங்கியிருக்கிறது. "பரவாயில்லை அங்கிள்," என்று சொல்லிக்கொண்டு சட்டையைக் கழற்றத் தொடங்கினார். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. சட்டை சின்னது என்று சொன்னேன் அல்லவா, தலைக்கு மேலே போய் இறுகிவிட்டது. இரண்டு கையும் மேலே தூக்கியபடி, தொந்தி வெளியே தெரிய, முகம் பச்சைத் துணிக்குள் மறைந்தபடி என் மனுசன் அங்கே நின்றார்.

அப்பா அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சட்டையைக் கழட்ட வேண்டாமெண்டு சொல்லு," என்றார். ஒலிவாங்கி அதை மைதானம் முழுக்கச் சொன்னது. அப்பா அதை அறிவிப்பாளரின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "என்ர மூத்த மகளின்ர புருசன். என்ர மருமகன். கேட்டுதோ சிவபாலன்? இல்லாட்டி இன்னொருக்கால் சொல்லட்டோ?"

சிவபாலன் அங்கிள் போய்க் கதிரையில் இருந்தார். கூடாரத்தின் கீழே அம்மா நண்டும் மீனும் போட்ட ஒடியல் கூழ் வார்த்துக்கொண்டு இருந்தார். நிறைந்த கோப்பைக்குள் அவர் மேலும் மேலும் வார்க்க, வாங்க வந்தவர் கையை இழுத்துக்கொண்டார். நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தபடியால் தப்பினேன்.

சட்டைக்குள்ளிருந்து கெவின் என்ன நடந்தது என்று கேட்டார். "மருமகன் எண்டு சொல்லிப்போட்டார்," என்றேன். அந்தச் சொல்லை அம்மா அவருக்கு எப்போதோ பழக்கியிருந்தார். கைகளை மெல்ல இறக்கி, சட்டையைத் திரும்பவும் வயிற்றுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினார்.

பெனால்ரி

உள்ளே போய் அவர் தனக்குத் தெரிந்த தொழிலைச் செய்தார். கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ராசன் அண்ணை அண்ணாந்து அடித்த பந்து நெஞ்சில் விழுந்தது. பின்னால் நின்றவர் இடித்தார், உதைத்தார், சட்டையைப் பிடித்து இழுத்தார். கெவின் அசையவில்லை. கடைசியில் அந்த மனுசன் பொறுமை இழந்து இரண்டு காலையும் சேர்த்து வாரிவிட்டார். நடுவர் விசில் ஊதினார். பெனால்ரி.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். போட்டால் சமன். ராசன் அண்ணை பந்தைக் கையில் எடுத்தார். நானும் மூச்சு விட்டேன்.

"ராசன், வையும் பந்தை," என்று கோட்டிலிருந்து அப்பாவின் குரல். "மருமகன் அடிக்கட்டும்."

சொல்லத் தொடங்கிவிட்டார் அல்லவா, இனி அந்தச் சொல்லை விடமாட்டார் போலிருந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "அப்பா, சொன்னாக் கேளுங்கோ, அவர் வேண்டாம். வேற ஆரும் அடிக்கட்டும்."

"நீ சும்மா இரு பிள்ளை. இங்கிலாந்தில விளையாடின மனுசனுக்கு உது ஒரு விளையாட்டே?"

கெவின் பந்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் தக்காளியைத்தான் நினைத்துக்கொண்டோம். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மாமனார் முதல்முதலாக ஒரு வேலை சொல்லியிருக்கிறார், எப்படி மாட்டேன் என்பது. ஓடிவந்து அடித்தார்.

பந்து கோலுக்கு மேலால் போயிற்று. கூடாரத்தின் கம்பத்தில் அடித்துத் திரும்பி, நேரே அம்மாவின் கூழ்ப் பானைக்குள் விழுந்தது. அம்மாவின் சேலையில் நண்டுக்கால் ஒன்று தொங்கியது.

பிறகு பக்கத்து ஊர் சிரிக்கத் தொடங்கியது. அப்பா கோட்டைத் தாண்டி உள்ளே போனார். நேரே கெவினுக்கு முன்னால் போய் நின்றார்.

"உனக்கு என்ன கண் இல்லையோ? படலை மாதிரிக் கிடக்கு கோல், அதுக்குள்ள அடிக்க ஏலாதோ உனக்கு? கண்டறியாத இங்கிலாந்து. உதுக்கோ உனக்குச் சம்பளம் தந்தவங்கள்? பேயன் மாதிரி நாரியைப் பின்னால வளைச்சுக்கொண்டு ஆரும் பெனால்ரி அடிப்பானோ? உட்காலால தட்டிவிட்டிருந்தாக் காணும். ஊர் முழுக்கக் கேக்க மருமகன் எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறன், கொஞ்ச நேரம் பொறுக்கேலாமல் போச்சோ உனக்கு?"

கெவின் அசையாமல் நின்று கேட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. என் பக்கம் திரும்பி, "அங்கிள் என்னோட கதைக்கிறார்," என்றார். கண் கலங்கியிருந்தது.

"சிரிக்கிறான் பார், விசரன்," என்றார் அப்பா.

பெயர்

தோற்றுத்தான் போனோம். பந்தை எடுத்துவிட்டுக் கூழைக் குடித்தவர்களும் இருந்தார்கள், ஆட்கள் யார் என்று எழுதப் போவதில்லை.

அடுத்த நாள் காலை அப்பா வீட்டுத் தொலைபேசி அடித்தது. அம்மா எடுத்தார். சிவபாலன் அங்கிள். "கூழர் சுகமோ?" என்று கேட்டாராம். மத்தியானத்துக்குள் கெவினின் புதுப் பெயர் ஸ்காபரோ முழுக்கப் போய்விட்டது. பின்னேரம் பிறம்ரனிலிருந்தும் ஆட்கள் தொலைபேசி எடுத்துக் கேட்டார்கள். இந்த நாட்டில் வதிவிட உரிமைக்குக் கெவின் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் சனம் ஒரு நாளில் பெயர் வைத்து எடுத்துக்கொண்டது.

சனிக்கிழமை போனோம். எங்கள் கார் நிற்கும் சத்தத்துக்கு அப்பா வழக்கம்போல இறங்கிவிட்டார். செருப்பு படியில் தட்டும் சத்தம் கேட்டது. ஒன்றும் மாறவில்லை என்று நினைத்தேன். கெவின் மேசையில் இருந்தார். அம்மா பிட்டை வைத்தார். கெவின் படிக்கட்டுப் பக்கம் பார்த்து, எப்போதும் கேட்பதைக் கேட்க வாயெடுத்தார்.

"கூழர்," என்றது கீழேயிருந்து அப்பாவின் குரல். "இன்னும் அங்க என்ன செய்யிறீர்? துவங்கப் போறாங்கள். பிட்டை எடுத்துக்கொண்டு கீழ வாரும்."

கெவின் எழும்பினார். அம்மா இன்னொரு கோப்பையில் அப்பாவுக்கும் பிட்டுப் போட்டு அவருடைய மற்றக் கையில் கொடுத்தார்.